அறிதல் என்பது யாது?
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் வாரந்தோறும் ஒரு மணி நேரம் பாடநூல்களை மூடி வைத்துவிட்டு மாணவர்களோடு உரையாடி வருகிறோம். “தேர்வில் வராத இந்தப் பேச்சு எதற்கு? அந்நேரத்தில் இன்னும் நான்கு கணக்குப் போடலாமே” என்று உறுப்பினர் சிலர் கேட்கின்றனர். கூலி வேலைக்குச் சென்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் அவ்வாறு கேட்பது நியாயமே. அவர்களுக்கு விடை கூற இவ்வுரையைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நாம் எழுப்பும் வினா ஒன்றே: “ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம்?”

ஒரு நாள் நம் ஊரையே எடுத்துக்கொண்டோம். கச்சிராயபாளையத்தில் ஒரு துளி மழை இல்லை. ஆயினும் கோமுகி அணைக்கு நீர் வருகிறது. “கல்வராயன் மலையில் மழை” என்கிறோம். மலைக்குச் சென்று பார்த்தோமா? இல்லை. பின் எப்படித் தெரியும்? “தண்ணீர்தான் சொல்லுது, ஐயா” என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது. ஆனால் அவள் சொன்னது சிரிப்பதற்குரியது அன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்கள் தத்தம் கொள்கையை விளக்குமிடத்தில், இதே எடுத்துக்காட்டு வருகிறது. காட்டில் எழும் ஒலியைக் கேட்டு யானை உண்டு என உணர்தல், வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது எனத் துணிதல், கருமுகிலைக் கண்டு மழை வரும் எனக் கூறல் ஆகிய மூன்றும் அங்கே சொல்லப்படுகின்றன. கண்ணால் காண்பது காட்சி; கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதல்.

அக்காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த அளவை நெறி, அறிவதற்குரிய வழிகள் இவ்விரண்டே என்கிறது. ஏனையவற்றைக் கருதலுள் அடக்குகிறது. இது நமக்குச் சிறிய செய்தி அன்று. “நூலில் உள்ளது, முன்னோர் சொன்னது” என்பது தனித்து நிற்கும் சான்று ஆகாது என்பதே இதன் பொருள். பிறப்பால் நாம் தாழ்ந்தவர் என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்தனர்! அதனைக் கண்டவர் யார்? எதைக் கொண்டு கருதினர்? சொல்லைத் தவிர அவர்களிடம் வேறொன்றும் இருந்ததில்லை.

“அப்படியானால் பிறர் சொல்லை நம்பவே கூடாதா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. நம் பிறந்த நாளைத் தாய் சொல்லித்தானே அறிகிறோம்? 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்நஞ்சைக் கண்ணால் கண்டு அறிய இயலாது, நாவும் காட்டிக்கொடுக்காது. வேதியியல் கற்றவரின் சொல்லைத்தான் நாம் நம்ப வேண்டும். ஆனால், “உமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் அவர் சோதனைச்சாலைக்கு அழைத்துச் சென்று காட்டுவார். “ஒன்றும் ஆகாது, குடி” என்று விற்றவனிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது? கேள்விக்கு விடை தரும் சொல்லை நம்புவோம். கேட்டவுடன் சினங்கொள்ளும் சொல்லை ஐயுறுவோம்.

அன்பர்களே! ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், “எனக்குக் கணக்கு வராது, ஐயா” என்றான். “எப்படித் தெரியும், தம்பி?” என்றோம். “சொன்னாங்க” என்றான். “யார்?” தலைகுனிந்து நின்றான். தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டடிப் பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்து, இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரம் வரையச் சொன்னோம். பக்கத்தை நான்கடி ஆக்கினான். எண்ணிப் பார்த்து, “நாலு மடங்காயிடுச்சு” என்று தானே அழித்தான். மூன்றடி ஆக்கினான், எட்டுக்கு ஒன்பது வந்தது. நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் நாம் வரைந்து காட்டிய மூலைவிட்டத்தைப் பக்கமாகக் கொண்டு வரைந்தான். பரப்பு எட்டுச் சதுர அடி. தன் தவறு இரண்டையும் அவனே கண்டான். இன்றும் அவன் கணக்கில் முதல் மாணவன் அல்லன். ஆனால் “வராது” என்னும் சொல்லை விட்டுவிட்டான்.

இக்கணக்கு நாம் புனைந்தது அன்று. சற்றேறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் பிளேட்டோ எழுதிய ‘மெனோ’ என்னும் உரையாடலில், கல்வியே பெறாத அடிமைச் சிறுவன் ஒருவனிடம் சாக்ரடீசு கேட்ட கணக்கு இது. அச்சிறுவனும் இதே இரு தவறுகளைச் செய்து, பின் விடை கண்டான். அந்நூலில் மற்றொரு கருத்தும் உண்டு: சரியான கருத்தாயினும் காரணத்தால் கட்டிவைக்கப்படாவிடில் அது ஓடிவிடும். தேர்வைப் பற்றிக் கவலைப்படும் உறுப்பினர்களுக்கு இதுவே எமது விடை. மனப்பாடம் செய்த விடை, வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டவுடன் ஓடிவிடுகிறது. காரணத்தோடு அறிந்தது உடன் நிற்கும்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. விடை கண்ட அச்சிறுவன் விடுதலை பெற்றதாக அந்நூல் கூறவில்லை. அவன் பெயரைக்கூடக் கூறவில்லை. அறிவு மட்டும் விலங்கை உடைக்காது. ஆகவேதான் தேர்வும் பட்டமும் வேலையும் வேண்டும். இவற்றைப் பெறத் துணை நிற்கும் சங்கமும் வேண்டும்.

இவ்விரண்டையும் இணைத்து வாழ்ந்து காட்டியவர் டாக்டர் அம்பேத்கர். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க இடந்தராததால் பாரசீகம் படித்தவர். 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். எந்த நூல்களைத் தொடக்கூடாது என்றனரோ, பின்னாளில் அந்நூல்களையே ஆராய்ந்து ‘இதற்குச் சான்று என்ன?’ என்று கேட்டார். தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் தாம் எழுதிய நூலின் முடிவுகளையும் ஆராய்ச்சிக்குரிய கருதுகோளாகவே முன்வைத்தார். பிறரிடம் கேட்ட கேள்வியிலிருந்து தம்மை அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

இளைஞர்களே, அந்த நேர்மை நமக்கும் வேண்டும். கைப்பேசியில் வரும் செய்தி நம்மைப் புகழ்ந்தாலும், நம் பகைவரை இகழ்ந்தாலும், “எப்படித் தெரியும்?” என்று கேட்ட பின்னரே பிறர்க்கு அனுப்புங்கள். சங்க மேடையில் நாம் பேசுவதையும், இன்றைய இவ்வுரையையும் அவ்வாறே கேளுங்கள்.

உறுப்பினர்களிடம் நாம் வேண்டுவது இதுதான்: வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிடாதீர்கள். கேள்வி கேட்டதற்காக நம் பாட்டன்மார் அடி வாங்கினர். நம் பிள்ளைகள் அச்சமின்றிக் கேள்வி கேட்க ஓர் இடம் இவ்வூரில் இருக்கட்டும்.