வெளியே அனுப்பும் முன் இடம் மாற்றுவோம்

(தருமபுரியில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறீர்கள். பயிற்சி முறைகளை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு கால்பந்து வீரரின் கதையைச் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன்.

அந்த வீரர் பிரதீப் குமார் பானர்ஜி. கால்பந்து உலகத்துக்கு அவர் பி.கே. 1936-இல் வங்காளத்தில் ஜல்பாய்குரிப் பகுதியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். கிழக்கு ரயில்வே அணிக்கு வலது ஓரத்தில் ஆடிய முன்கள வீரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித் தலைவர். அங்கே பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்த ஆட்டத்தில் நம் கோல் அவருடையது. கால்பந்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவர்தான்.

நானும் கல்லூரிக் காலத்தில் முன்களத்தில் ஆடியவன். முன்கள வீரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் எப்போதும் கோல் கம்பத்தின் மேலேயே இருக்கும். கோல் விழுந்தால் கைதட்டல், தவறினால் திட்டு. அப்படியே ஆடிப் பழகியவன் பயிற்சியாளராக வந்தால், பிள்ளைகளையும் அதே அளவுகோலால்தான் அளப்பான். 'எனக்கு வந்தது உனக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்பான். பெரிய வீரர்கள் பலர் பயிற்சியாளராகத் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பி.கே. தடுமாறவில்லை. அவருக்கு வாய்த்த ஆசிரியர் அதற்கு ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஆசிரியர் என்ற சொல்லை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அன்றைய இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், ஐதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நம்மைப் போல வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர்.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. நம் அணியின் முக்கியத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. தடுப்பாட்டக்காரர் என்றால் உயரத்தில் வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ள வேண்டும். தையல் போட்ட தலையோடு அது ஆகுமா? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'நீ ஓய்வெடு' என்று உட்கார வைத்திருப்போம். ரஹீம் அவரை நடு முன்களத்துக்கு மாற்றினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். ஒரு கோல் பி.கே. அடித்தது. இன்னொன்று, கட்டுப்போட்ட தலையோடு முன்களத்துக்கு வந்த ஜர்னைல் அடித்தது. அப்போது ரஹீமுக்கே உடல்நிலை மோசம், புற்றுநோய். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

இதையெல்லாம் அதே மைதானத்தில் நின்று பார்த்தவர் பி.கே. 1967-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1972-இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். கொல்கத்தாவின் பெரிய கிளப்கள் எதற்கும் அவர் ஆடியதே இல்லை. ஆனால் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்குமே பெயர் வாங்கித் தந்தார். 1975-இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் அவருடைய ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே மோகன் பகானுக்கு அவர் பயிற்சியாளர். 1977 செப்டம்பரில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் அந்த அணி 2-2 என்று சமன் செய்தது. ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் அவர் பேசும் பேச்சு அவ்வளவு பெயர் பெற்றது. அதை 'வோக்கல் டானிக்' என்றே பத்திரிகைகள் எழுதின. அதாவது, பேச்சாலேயே கொடுக்கும் மருந்து.

ரோமுக்குப் போன அணியில் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். சைமன் சுந்தரராஜ், அவரும் முன்கள வீரர்தான். கேரளம் 1973-இல் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர். எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்றார்கள். மூன்று கோலையும் அடித்தவர் அணித் தலைவர் மணி. கோட்டுக்கு வெளியே நின்றவர் சைமன். ரஹீமிடம் ஆடிய இருவர், இப்படி மற்றவர்களை ஆடவைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இனி என் கதை. பணியில் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். நல்ல வேகம். அவனை முன்களத்தில் போட்டேன். குறுவட்டப் போட்டியில் கோல்கீப்பரே இல்லாத கம்பத்துக்கு வெளியே பந்தை அடித்துவிட்டான். எல்லார் முன்னாலும் கத்தினேன். அடுத்த ஆட்டத்தில் அவனைச் சேர்க்கவில்லை. அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கும் வரவில்லை. பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

வீட்டில் கஷ்டம்தான் காரணம், எனக்குத் தெரியும். ஆனால் அவனைப் பள்ளியோடு கட்டி வைத்திருந்த கயிறுகளில் ஒன்று அந்த மைதானம். அதை அறுத்தது நான். சில ஆண்டுகள் கழித்து, தருமபுரி பேருந்து நிலையத்தில் அவனே வந்து பேசினான். "நல்லா இருக்கீங்களா சார்? இப்போ நம்ம டீம் எப்படி சார் ஆடுது?" என்று கேட்டான். 'நம்ம டீம்' என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்தேன். பந்து எதிரணியிடம் போனால் முதல் ஆளாகத் திரும்பி ஓடி வந்து பறிப்பவன் அவன். அவன் இடம் தடுப்பாட்டம். என் கண் கோல் கம்பத்திலேயே இருந்ததால் அது தெரியவில்லை.

அன்றிலிருந்து சிலவற்றை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை யாரையும் ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை. கோல்கீப்பர் உட்பட எல்லா இடத்திலும் எல்லாரும் ஆட வேண்டும். ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும், பந்து காலில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வரி எழுதுகிறேன். தோற்ற அன்று யாரையும் எதுவும் சொல்வதில்லை. மறுநாள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன். இதற்கெல்லாம் புல்தரை வேண்டாம், பணம் வேண்டாம். நம்மிடம் இருக்கும் செம்மண் மைதானமும் ஒரு பந்தும் போதும்.

வகுப்பாசிரியர்களுக்கும் இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கணக்கில் பின்தங்கியவனின் விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்கிக் கணக்கே போடச் சொல்கிறோம். அவன் நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம்.

நாளை திங்கட்கிழமை. நம் அணிப் பட்டியலை எடுத்துப் பார்ப்போம். அடித்து நீக்கிய பெயர் ஏதாவது இருந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வேறோர் இடத்தில் ஒரு வாரம் ஆட விடுவோம். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.