ஒரு டி-சர்ட்டுக்கு ஒரு பிடி உப்பு

(கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் துணிப் பதனிடும் தொழில்நுட்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஆடை, அதுக்கான கூட்டு ஆராய்ச்சி. இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தத் தலைப்பில் யூடியூப்பில் தேடினால் வெளிநாட்டு மேடையும் வாழைநார்ச் சட்டையும்தான் வரும். நான் அதைப் பத்திப் பேச வரலை. திருப்பூரைப் பத்தி, அதிலும் உப்பைப் பத்தி மட்டும் பேசலாம்னு இருக்கேன். நீங்க இப்போ போட்டிருக்கிற பருத்தி பனியனோ டி-சர்ட்டோ நம்ம ஊர்ப் பக்கம் சாயம் ஏறினதா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதல்ல ஒரு கணக்கு. பருத்தித் துணிக்கு இன்னிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான் போடுறாங்க. பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் மேல் எதிர்மின் தன்மை வரும். சாயத்துக்கும் அதே தன்மை. ஒரே தன்மை உள்ள ரெண்டு காந்த முனை மாதிரி ரெண்டும் விலகி நிற்கும். நடுவில் உப்பைப் போட்டால்தான் சாயம் நூலுக்குப் பக்கத்தில் போகும். கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி டார்க் ஷேடு வேணும்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 முதல் 80 கிராம் உப்பு. இப்போதைய சாப்ட் ப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்குச் சுமார் 7 லிட்டர் தண்ணி நிற்கும். அப்போ ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. உங்க டி-சர்ட் 160 கிராம் இருந்தால் அதுக்கு 75 கிராம் உப்பு, ஒரு பெரிய பிடி. பழைய வின்ச் மெஷினில் தண்ணி இதைப் போல ரெண்டு, மூணு மடங்கு ஆகும். உப்பும் அதே கணக்கில் ஏறும்.

இதில் முக்கியமான சங்கதி ஒண்ணு இருக்கு. போட்ட சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு தங்காது. தரகர் மாதிரி ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சிட்டு, போட்ட அளவு அப்படியே கழிவு நீரோடு வெளியே வந்துடும். ஒரு டன் துணிக்குச் சாயம் போட்டால் அரை டன் உப்பு சாக்கடைக்கு வரும்னு வெச்சுக்குங்க.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. சென்னிமலைப் பக்கம் அதுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் திறந்தாங்க. பாசனத்துக்காகக் கட்டின அணை. ஆனா பனியன் ஏற்றுமதி சூடு பிடிச்சிருந்த சமயம் அது. மழைத் தண்ணிக்குப் பதிலாச் சாயத் தண்ணி வந்து தேங்கி நின்னுச்சு. கடைசியில், "எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம், தேக்கி வைக்காதீங்க"ன்னு ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கிற நிலைமை வந்தது. அணை கட்டிக் கொடுங்கன்னு விவசாயி கேட்டுப் பார்த்திருப்பீங்க. அணையில் தண்ணியை நிறுத்தாதேன்னு கேட்டது இங்கதான்.

அப்போ சுத்திகரிப்பு நிலையமே இல்லையான்னு கேட்பீங்க. இருந்தது. தொண்ணூறுகளில் கட்டின நிலையங்களில் சுண்ணாம்பு, பெர்ரஸ் சல்பேட் எல்லாம் போட்டு நிறத்தைப் படிய வெச்சாங்க. வெளியே வந்த தண்ணி பார்வைக்குத் தெளிவா இருக்கும். ஆனால் உப்பு படியாது. நுண்ணுயிர் வெச்சுச் சுத்தம் பண்ணினாலும் உப்பு போகாது, ஏன்னா அதைத் தின்னுற நுண்ணுயிர் கிடையாது. தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ்.னு சொல்றோம். வெளியே விடுற கழிவு நீரில் அது லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுங்கறது விதி. நிறத்தை எடுத்ததும் பட்டறைக்காரர் சுத்தமாயிடுச்சுன்னார். செடி கருகுதேன்னார் தோட்டத்துக்காரர். ரெண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஒருத்தர் பார்த்தது நிறத்தை, இன்னொருத்தருக்குத் தெரிஞ்சது உப்பு.

என்னைக் கேட்டால் திருப்பூரின் கூட்டு ஆராய்ச்சி தொடங்கினதே அந்த இடத்தில்தான். ஆய்வுக்கூடத்துக்காரர் யாரும் கேள்வியைக் கொண்டு வரலை. வயல்காரர் கொண்டு வந்தார். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் 2003-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. சொட்டுக் கழிவு நீர்கூட வெளியே வரக் கூடாதுன்னு 2006 டிசம்பரில் உத்தரவு. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிச்சு. அப்புறமும் சரியா நடக்காததால் 2011 ஜனவரி 28-ந் தேதி சாயப்பட்டறை, பிளீச்சிங் பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். துணியை லாரியில் ஏத்தி வெளி மாநிலங்களுக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினாங்க. அது முடியாதவங்க கம்பெனியை நிறுத்தினாங்க. டெய்லர், செக்கிங், அயர்னிங்னு கூலிக்கு வந்தவங்க பாடு இன்னும் திண்டாட்டம். விவசாயியோட இருபது வருஷ நஷ்டத்தையும் இவங்களோட வேலை இழப்பையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரலை. ரெண்டும் தனித்தனி வலி.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வர்ற சாயத் தண்ணியை முதலில் நுண்ணுயிர் வெச்சுச் சுத்தம் பண்ணி, அப்புறம் ஆர்.ஓ. சவ்வுக்குள்ளே தள்ளுவாங்க. உங்க வீட்டு ஆர்.ஓ. மாதிரியேதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். வீட்டு மெஷினில் கழிவுன்னு ஒரு குழாயில் தண்ணி ஓடுமே, அந்த மாதிரி இங்கேயும் உப்பு செறிந்த தண்ணி மிஞ்சும். வீட்டில் அது சாக்கடைக்குப் போகும். இங்கே விட முடியாது. அதனால ஆவியாக்கும் கலன்களில் கொதிக்க வெச்சு, கடைசியில் உப்பைப் படிகமா எடுக்கணும். நல்ல தண்ணி திரும்பப் பட்டறைக்கே போயிடும்.

கேட்க நல்லா இருக்கு. செலவுதான் கொதிக்க வைக்கிறதில். நீராவிக்கு எரிபொருள் வேணும், பம்புக்குக் கரண்ட் வேணும். ஆற்றைக் காப்பாத்த அடுப்பை எரிக்கிறோம். அதில் வர்ற புகையும் ஒரு கணக்குதான், மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி தேவைப்பட்டுது. கொதிக்க வைக்க வேண்டிய தண்ணியைக் குறைக்கிறது எப்படி?

கிடைச்ச வழி எளிமையானது. சாப்பாட்டு உப்புக்குப் பதிலா சோடியம் சல்பேட்டைப் போடறது. கிளாபர் உப்புன்னு தொழிலில் சொல்லுவோம். அதோட அயனி பெரிசு, ஒரு வகைச் சவ்வு வெச்சுப் பிரிக்கலாம். நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துட்டால், அந்த உப்புத் தண்ணியைக் கொதிக்க வைக்காமலே அடுத்த சாயத்துக்கு நேரா ஊத்தலாம். அருள்புரம் மாதிரி பொது நிலையங்களில் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க.

ஆனா ஒரு சிக்கல். ஒரு பொது நிலையத்தில் பல பட்டறைகள் உறுப்பினர். அதில் ரெண்டு பேர் விலை குறைவுன்னு சாப்பாட்டு உப்பையே போட்டால், எல்லாருடைய தண்ணியும் ஒரே தொட்டிக்குத்தானே வரும்? குளோரைடும் சல்பேட்டும் கலந்து போனால் கடைசியில் கிடைக்கிறது கலவை உப்பு. சாயத்துக்கு உதவாது, விற்கவும் முடியாது, கொட்டவும் கூடாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்க வேண்டியதுதான். அதனால உப்பை மாத்தறதுன்னா எல்லாரும் சேர்ந்து மாத்தணும். குளோரின் பிளீச்சிங்கை விட்டு பெராக்சைடுக்கும் போகணும், அதுவும் குளோரைடைக் கொண்டு வந்து சேர்க்கும். போட்டிக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, "நீ என்ன உப்பு வாங்கறே, எந்த ஷேடுக்கு எவ்வளவு போடறே"ன்னு கேட்டுக்கணும். தொழிலில் இருக்கறவங்களுக்குத் தெரியும், ஷேடு ரெசிபியைச் சொந்தத் தம்பிகிட்டகூடச் சொல்ல மாட்டாங்க.

இந்தப் பழக்கத்துக்கு நம்ம பகுதியில் ஒரு முன்மாதிரி இருக்கு. 1956-ல் கோவையில் தொடங்கின சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம். அகமதாபாத்தில் 1947-லேயே அட்டிரா வந்தாச்சு. மில்காரர்களும் அரசும் சேர்ந்து நடத்தற ஆராய்ச்சி இது. ஒவ்வொரு மில்லும் தன் உற்பத்தி, செலவுக் கணக்கைக் கொடுக்கும். பெயருக்குப் பதிலா ஒரு எண்ணோட ஒப்பீட்டு அறிக்கை வெளிவரும். எண் 14 நம்மளை விடக் குறைஞ்ச செலவில் நூற்கிறாரேன்னு பார்த்து, தன்னைத் திருத்திக்கலாம். ரகசியமும் காப்பாத்தப்படுது, பாடமும் கிடைக்குது. சாயத் தொழிலில் இது இன்னும் முழுசா வரலைங்கறது என் அபிப்பிராயம்.

உப்பே இல்லாமல் சாயம் போட முடியாதான்னு கேட்கலாம். முடியும். கோல்டு பேட் பேட்ச்னு ஒரு முறை. துணியில் சாயத்தையும் காரத்தையும் பிழிந்து ஏத்தி, உருளையில் சுத்தி, பல மணி நேரம் ஊற விடறது. உப்பு வேண்டாம், சூடும் வேண்டாம். நெய்த துணிக்கு நல்லா வரும். நம்மது பின்னலாடை, இழுத்தால் நீளும், வெட்டி விரிச்சால் ஓரம் சுருளும். அதனால மெஷினும் பழக்கமும் மாறணும். இன்னொண்ணு, பருத்தியையே முன்கூட்டி ரசாயனம் வெச்சு நேர்மின் தன்மைக்கு மாத்திட்டால் சாயம் தானா ஒட்டும். ஆய்வுக்கூடத்தில் அழகா வருது. ஒரு டன் லாட்டில் நிறம் ஒரே சீரா ஏறணுமே, அங்கேதான் தடுமாற்றம். தண்ணியே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடில் சாயம் போடற மெஷின் நெதர்லாந்தில் இருந்து வந்திருக்கு. அது பாலியஸ்டருக்குச் சரி, பருத்திக்கு ஆகாது. இதையெல்லாம் விளம்பரத்தில் பார்த்தால், எந்தத் துணிக்குன்னு முதலில் கேளுங்க.

ரூபாய் விஷயமும் இருக்கு. கழிவே வெளியே விடாத ஊரில் சாயக்கூலி கூடத்தான் செய்யும். வெளிநாட்டு பையர் நம்மகிட்டச் சான்றிதழ் கேட்கிறார், படம் எடுத்து வலைதளத்தில் போடறார். விலை பேசும்போது மட்டும் ஆற்றில் விடற நாட்டு விலையைக் காட்டறார். ஆராய்ச்சிக் கூட்டணின்னு சொல்றவங்க இந்தச் செலவில் எவ்வளவு பங்கு எடுக்கறாங்கன்னு கேட்காமல் விடக் கூடாது. சவ்வு மாத்தற செலவு பட்டறைக்காரர் தலையில், நல்ல பேர் மட்டும் பிராண்டுக்குன்னா அது கூட்டு இல்லை.

இப்போ உங்க கையில் இருக்கிற போனுக்கு வர்றேன். ஆர்கானிக், சுற்றுச்சூழலுக்கு உகந்ததுன்னு எழுதின துணியை வாங்கறீங்களா? லேபிளைப் பாருங்க. ஜி.ஓ.டி.எஸ்., ஓகோ-டெக்ஸ் மாதிரி முத்திரை இருந்தால் பக்கத்தில் சான்று எண் இருக்கணும். அந்த அமைப்புகளோட வலைதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. எண் இல்லாமல் பச்சை இலை படம் மட்டும் இருந்தால் அது வெறும் படம்தான்.

அதே லேபிளில் நார் விகிதம் இருக்கும். முழுப் பருத்தி பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பிரிச்சு ஓப்பன் எண்டு மில்லில் மறுபடி நூலாக்கறது நம்ம கோவை, திருப்பூர் பக்கம் பழக்கமான தொழில். பாலியஸ்டரோ ஸ்பாண்டெக்ஸோ கலந்துட்டால் பிரிக்கிறது கஷ்டம்.

ஆற்றிலோ ஓடையிலோ நிறமா, நுரையா தண்ணி போகுதா? வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போட்டு ஆதங்கப்படறதோட நிறுத்தாதீங்க. 1100-ல் முதலமைச்சர் உதவி மையம் இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேராவும் புகார் கொடுக்கலாம். போனில் லொக்கேஷனை ஆன் பண்ணிப் படம் எடுங்க, நேரத்தைக் குறிங்க, பக்கத்துப் பாலம் அல்லது ஊர்ப் பேரைச் சொல்லுங்க. பேனா மாதிரி சின்ன டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும். கழிவு கலக்கிறதாச் சந்தேகப்படற இடத்துக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்து ரெண்டையும் எழுதுங்க. தண்ணி தெளிவா இருந்தாலும் எடுங்க. கோர்ட்டில் செல்ற சாட்சி அது இல்லை, ஆனால் எந்த இடத்தில் மாதிரி எடுக்கணும்னு வர்ற அதிகாரிக்கு வழி காட்டும். யார் விட்டதுன்னு நீங்களே ஊகிச்சு ஒரு பட்டறைப் பேரை எழுதாதீங்க, அதைக் கண்டுபிடிக்கிறது அவங்க வேலை. புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தால் அழிச்சிடாதீங்க. அடுத்த தடவை விசாரிக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பாங்க.