நடையும் ஒரு சிகிச்சை

அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து வீடு திரும்பிய புற்றுநோயாளியை, அவர்மீதுள்ள வாஞ்சையினாலேயே, அசையாமல் படுத்திருக்கும்படி உற்றார் வற்புறுத்துவது நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது.

2009ஆம் ஆண்டு தொடங்கி, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக, பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு ஆகாரத்தையும் தேகாப்பியாசத்தையும் பற்றிய நூல்களை மட்டும் கொடுத்து, மற்றொரு சாராருக்கு அவற்றோடு மூன்றாண்டுகள் ஊக்கமளித்துவரும் பயிற்சியாளரையும் அளித்து நடத்திய சோதனையின் முடிவு 2025இல் வெளியாயிற்று. எட்டாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர், பயிற்சியாளரின் துணை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 90 பேர். நூல்களை மட்டும் பெற்றவர்களில் சுமார் 83 பேர்.

பயிற்சியாளரின் துணை பெற்றவர்கள் மல்யுத்தமோ மலையேற்றமோ பயிலவில்லை. வழக்கமான நடமாட்டத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேர வேக நடைக்கு ஈடான உழைப்பே அவர்கள் மேற்கொண்டது. தசை, மூட்டு உபாதைகள் அவர்களுக்குச் சற்று அதிகமாக நேர்ந்தமையால், வைத்தியரைக் கலந்துகொண்டு தொடங்குவதே உத்தமம். மருந்தெல்லாம் முறைப்படி முடிந்த பின்னரே இந்த அப்பியாசம் ஆரம்பமாயிற்று என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது வேறொரு விஷயம். நூலிலிருந்த புத்திமதி இரு சாராருக்கும் பொதுவே, ஆயினும், நேரிலோ தொலைபேசியிலோ "இந்த வாரம் நடந்தீர்களா?" என்று விசாரிக்க ஒரு மனிதர் வாய்த்தவர்களே மிகுதியாக உழைத்தார்கள். அப்படி விசாரிக்க நம் வீடுகளில் மகளோ மகனோ அண்டை வீட்டாரோ இருக்கிறார்கள். மாலையில் கூடவே நாலு தெரு நடந்துவரவும் அவர்களால் இயலும்.