கடைசி நாழிகை வழி

இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் இன்று கிலோமீட்டரைச் சொல்கிறோம். பெரிய நகரமென்றால் விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்கிறோம். நம் முன்னோர் 'நாழிகை வழி' என்றார்கள். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவர் நடந்து கடக்கும் தொலைவு அது. தூரத்தை நேரத்தால் அளந்த அந்தக் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அந்த நேரத்தைப் புறப்படும் வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை எண்ண வேண்டும். அதற்குச் செஞ்சியே சாட்சி.

மராட்டியரோடு தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகள் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதைப் பார்க்க மும்பையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு வான்வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சுமார் இரண்டு மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவார். அங்கிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வந்து, மேற்கே திரும்பிச் செஞ்சியை அடைய ஏறத்தாழ 135 கிலோமீட்டர்தான். ஆனால் பேருந்து மாறி வந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வானத்தில் கடந்ததில் எட்டில் ஒரு பங்கு தூரம், அதைவிட அதிக நேரத்தை விழுங்கிவிடுகிறது.

'அந்தக் காலத்தை நினைத்தால் இது பெரிய விஷயமா?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1689 செப்டம்பரில் பன்ஹாளா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் புறப்பட்ட மராட்டிய மன்னர் ராஜாராம், கெளதி, பெங்களூர், வேலூர் வழியாகச் செஞ்சிக்கு வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நேர்கோட்டில் அது சுமார் 760 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஒரு மணி நேரப் பறப்பு. அந்த ஆதாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைத் துரத்தி வந்த முகலாயப் படையின் கதையையும் பாருங்கள். தக்காணத்தைக் கடந்து 1690-இல் செஞ்சியை வளைத்த முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்குக் கோட்டை வசமானது 1698-இல். தானியத் தட்டுப்பாடும் மராட்டியக் குதிரைப்படையின் தாக்குதலும் அதற்குக் காரணங்கள். மலையின் அமைப்பும் ஒரு காரணம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். அதன் உச்சிக்குச் சற்று முன்னால் 24 அடி அகலத்தில், 60 அடி ஆழத்தில் ஒரு பிளவு. மேலே போட்டிருக்கும் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் அதற்கப்பால் வழியில்லை. அவர்களுக்கும் கடைசித் தொலைவே தடையானது.

'செஞ்சிக்குப் பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் கட்டிவிட்டால் தீர்ந்தது' என்பது அடுத்த வாதம். அங்கும் முன்கூட்டிப் போய்க் காத்திருக்க வேண்டும். இறங்கியபின் சாலையைத்தான் பிடிக்க வேண்டும். மேலும், விமானம் ஏறாத செஞ்சி வட்டாரத்து விவசாயிக்கும் கல்லூரி மாணவிக்கும் அதனால் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை போடத் திட்டமிட்டும், செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. அந்தப் பாதை முடிந்தால் மும்பைக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒருசேரத் தூரம் குறையும். ஆகவே ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கணக்கிடும்போது, பயணச்சீட்டில் அச்சிட்ட நேரத்தோடு நிறுத்தாமல், கடைசி நாழிகை வழியையும் சேர்த்து எண்ணுவோம்.