கழுவெளியும் குடியிருப்பும்

(உரை)



தாம்பரத்திலிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் பேருந்தில் நடத்துநர் கூவும் ஊர்ப்பெயர்களைச் செவிகொடுத்துக் கேட்டாலே போதும். அந்நிலத்தின் வரலாறு விளங்கிவிடும். சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி. பாக்கம் என்பது பழந்தமிழில் நெய்தல் நிலத்து ஊரைக் குறித்த சொல். கடலையும் கழியையும் அடுத்து வாழ்ந்த மக்களின் குடியிருப்பு. வாக்கம் என முடிவனவும் அதன் திரிபே. நீரை அடுத்திருந்த ஊர் என்று பெயரே சொல்லிக்கொண்டிருக்கும்பொழுது, மழைக்காலத்தில் வீட்டிற்குள் நீர் வந்துவிட்டதென்று இன்றைய நகரத்தான் வியக்கின்றான். நீர் அவன் வீட்டிற்கு வரவில்லை. அவன்தான் நீரின் வீட்டிற்குக் குடிபோனான்.

ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், ஊருணி, கேணி என்று நீர்நிலை ஒவ்வொன்றையும் அதன் இயல்பும் பயனும் நோக்கித் தமிழன் பெயரிட்டான். வெள்ளையன் ஆவணம் எழுதியபோது இவற்றுட் பலவற்றை 'டேங்க்' என்னும் ஒரு சொல்லில் அடைத்துவிட்டான். தொட்டியும் அவனுக்கு டேங்க். ஆயிரம் ஏக்கர் பாயும் ஏரியும் டேங்க். சொல் போனால் பொருளும் போகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தொட்டியென்றால் அதனைத் தனியே பெயர்த்தெடுக்கலாம், தூர்க்கலாம். ஏரியை அவ்வாறு செய்ய இயலாது. கரணியம், ஏரி தனித்து நிற்பதன்று.

மேட்டு நிலத்து மழைநீரைக் கொணர்வது வரத்துக்கால். வயலுக்கு நீர் விடுவது மதகு. ஏரி நிறைந்தபின் மிகுநீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலங்கல். அக்கலங்கலின் நீரை அடுத்த ஏரிக்குச் சேர்ப்பது போக்குகால். மேலேரியின் போக்குகாலே கீழேரிக்கு வரத்துக்காலாகும். சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் செம்பாக்கம் ஏரியை அடையும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி முடிவில் பள்ளிக்கரணையில் பரவும். இவ்வாறு 31 ஏரிகளின் மிகுநீர், ஏறத்தாழ 250 சதுரக் கிலோமீட்டர் நிலத்தின் மழை, ஒரே தாழ்நிலத்தில் வந்து கூடுகின்றது. அத்தாழ்நிலத்தைத்தான் முன்னோர் கழுவெளி என்றனர். அங்கு நீர் ஆரத் தங்கி, ஊறி, எஞ்சியது ஒக்கியம் மடு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கித் தெற்கே கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேரும்.

(பக்கிங்காம் என்பவன் சென்னை மாநிலத்தை ஆண்ட வெள்ளைக்கார ஆளுநன். 1876 முதல் 1878 வரை இலக்கக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்ட கொடும்பஞ்சத்தின்போது, கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட பகுதியை வெட்டியவர்கள் கூலிக்கு மண்சுமந்த தமிழர்கள். பெயர் மட்டும் ஆளுநனுக்கு.)

கழுவெளி எவ்வளவு பெரிது என்று கேட்பீர்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 5,000 எக்டேர். இன்று எஞ்சியிருப்பது அதில் ஒரு சிறுபங்கே. தின்றவர் யார்? கரையோரத்தில் கீற்றுக்குடிசை போட்ட ஏழை என்று எவரேனும் சொன்னால் அவர் நிலப்படத்தைப் பார்த்ததில்லை என்க. பெருங்குடிக் குப்பைமேடு, 1980-களின் பிற்பகுதி தொடங்கிச் சென்னை மாநகராட்சி கொட்டியது. அதனருகே கழிவுநீர்த் தூய்மைக் கூடம், அதுவும் அரசினது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் இருநூறடிச் சாலை கழுவெளியை இரண்டாகப் பிளந்து போடப்பட்டது. பல்லாவரத்துப் பெரிய ஏரியின் நெஞ்சிலும் அதே சாலைதான் ஏறிச்செல்கின்றது. கடலாய்வு நிறுவனம், காற்றாற்றல் நிறுவனம், தொடர்வண்டித் தடம் ஆகியவற்றை வரிசையாகக் கழுவெளியில் ஊன்றியது நடுவணரசு. அரசு வழிகாட்டியபின் வணிகன் வாளாவிருப்பானா? கணிப்பொறி நிறுவனங்களும் வானுயர்ந்த அடுக்ககங்களும் முறையான இசைவுத்தாளோடு வந்து நின்றன. இசைவுத்தாள் பெற்ற வன்கவர்வு வளர்ச்சி எனப்படும். பெறாத வன்கவர்வு குற்றமெனப்படும். வேறுபாடு அவ்வளவே.

எஞ்சியதில் 317 எக்டேர் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஈரநிலங்களைக் காக்க 1971-இல் ஈரான் நாட்டு இராம்சர் நகரில் பல நாடுகள் உடன்படிக்கை செய்தன. அவ்வுடன்படிக்கைப் பட்டியலில் 2022-இல் பள்ளிக்கரணையின் ஏறத்தாழ 1,248 எக்டேர் சேர்க்கப்பட்டது. உலகம் ஏற்ற அதே ஆண்டின் ஏப்பிரல் திங்களில்தான் கழுவெளிக்குள்ளிருக்கும் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. பூநாரைக்கும் நாமக்கோழிக்கும் பன்னாட்டுப் புகழ். பக்கத்துக் குடியிருப்புக் குழந்தைக்கு நெஞ்சுமுட்டப் புகை!

இனி வெள்ளத்திற்கு வருவோம். 2015 திசம்பர் 1-ஆம் நாள் பெய்யத் தொடங்கிய மழை மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் அளவைத் தொட்டது. முடிச்சூரும் வரதராசபுரமும் நீருள் மூழ்கின. சென்னை வானூர்தி நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. அதன் ஓடுதளங்களுள் ஒன்று அடையாற்றின் குறுக்கே பாலமிட்டுக் கட்டப்பட்டதாகும். அம்மழைக்காலத்தில் தமிழ்நாடு முழுதும் நானூறு பேருக்கு மேல் மாண்டனர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே எல்லாவற்றிற்கும் கரணியம் என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. நகருக்குள் நேர்ந்ததற்கு அப்பேச்சில் உண்மை உண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்தின் மிகுநீர் அடையாற்றில் கூடுமிடம் திருநீர்மலையருகே. முடிச்சூரோ அதற்கு மேலே உள்ளது. எனவே முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர் தொடங்கி மேற்புறத்து ஏரிகளினின்று இறங்கிய நீரே. அந்நீர் சென்ற காலெல்லாம் மனையாகியிருந்தது. திறந்தவன்மேல் பழிபோட்டுவிட்டால் தூர்த்தவன் தப்பித்துக்கொள்கிறான். இதைத் தமிழர் கருத்தில் இருத்தல் வேண்டும். நான்காண்டு கழித்து, 2019 கோடையில், அதே புறநகர் மக்கள் குடத்தோடு தண்ணீர்ச் சரக்குந்தின் பின்னே ஓடினார்கள். பத்துநாள் மழையைத் தேக்கிப் பத்துத் திங்கள் வாழ்ந்த நிலம், பத்துநாள் மழைக்கு மூழ்கிப் பத்துத் திங்கள் விடாய்க்கு வாடுகின்றது.

இவ்வளவும் நகரமைப்பின் பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு முறைகேடு உள்ளது. அதைத்தான் அமைதியாகக் கேட்கவேண்டும்.

2015 வெள்ளத்திற்குப் பின் கூவக்கரை, அடையாற்றங்கரைக் குடிசைகளே வெள்ளத்திற்குக் கரணியமெனச் சொல்லப்பட்டு, பல்லாயிரம் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட குடிகள். மீன் விற்றும், வீட்டுவேலை செய்தும், மூட்டை சுமந்தும் நகருக்குள்ளேயே பிழைத்தவர்கள். நீரின் வழியில் இருந்ததற்காகப் பெயர்க்கப்பட்ட அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எது? பெரும்பாக்கம்! பள்ளிக்கரணைக் கழுவெளியின் தென்புறத் தாழ்நிலம். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டளவில் எழுந்த கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல், பின்னர்ச் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் ஏறத்தாழ 20,000 வீடுகள். ஆற்றங்கரை வெள்ளத்தினின்று மீட்டுக் கழுவெளி வெள்ளத்தில் குடியேற்றினார்கள். 2023 திசம்பரில் மிச்சாங்குப் புயல் வந்தபோது அங்குள்ளோர் மின்னின்றிக் குடிநீரின்றி மாடிகளில் அடைபட்டுக் கிடந்தனர். எட்டாம் மாடிக்கு மின்தூக்கி ஓடாதபோது ஒரு கிழவி எவ்வாறு இறங்குவாள் என்று வரைபடம் போட்டவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். கண்ணகியின் பெயரைச் சூட்டியவர்கள் அவள் எதற்காக மன்னன் வாயிலில் நின்றாள் என்பதை மறந்துவிட்டார்கள் போலும்.

அதே கழுவெளிமேல் நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் ஒன்றையேனும் எவரும் பெயர்த்தாரில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. சூழலைக் காப்பது ஒன்று; காக்கும் சுமையை எவன் தோளில் ஏற்றுவது என்பது மற்றொன்று. முன்னதைப் பேசுவோர் பலர். பின்னதைப் பேசாதவரை அது நயன்மையாகாது.

பழைமையைப் போற்றுவோர் ஒன்றைக் கேட்பார்கள்: அன்று ஏரியை யார் காத்தார்? தாம்பரத்தினின்று தொலைவிலில்லாத உத்தரமேரூரில் முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தார் அறுவர், 360 நாள் பொறுப்பில் இருந்தனர். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் ஓலையில் இடம்பெற இயலாது. இன்றைய வாரியங்களுக்கு இவ்விதியைப் போட்டால் எத்தனை நாற்காலிகள் நிரம்பும் என்பது வேறு கேள்வி! ஆயினும் முழு உண்மையையும் சொல்லிவிடவேண்டும். அது பார்ப்பனர் ஊரவை. நிலமும் மனையும் மறையறிவும் உடைய ஆண்களுக்கே அங்கு இடம். ஏரியில் மண் சுமந்தவனுக்கு ஓலையில்லை. எனவே வேண்டுவது அவ்வவையின் மீட்சியன்று. அதன் கணக்கு முறையும், அதில் இடமில்லாதிருந்தவனுக்கு முதலிடமும் சேர்ந்ததே வேண்டுவது.

இதனோடு மொழியும் பிணைந்துள்ளது. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்ற நடுவணரசு ஒரு வரைவு வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. வெளியிட்டது ஆங்கிலத்திலும் இந்தியிலும். எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளிலும் தருமாறு தில்லி உயர் முறைமன்றம் அவ்வாண்டு சூன் திங்கள் ஆணையிட, அதனை எதிர்த்து நடுவணரசு உச்ச முறைமன்றம் ஏறியது. பெரும்பாக்கத்து மீன்காரி தன் கருத்தை இந்தியில் படித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம்! தன் வீட்டைச் சூழும் நீரைப்பற்றித் தன் மொழியில் அறியும் உரிமை இல்லாதவனுக்கு வேறெந்த உரிமை கொடுத்தும் பயனில்லை. தில்லியை மட்டும் நொந்தும் பயனில்லை. சென்னையில் மனைப்பிரிவுக்கும் அடுக்ககத்திற்கும் இசைவு கேட்டு எழுதப்படும் மதிப்பீட்டு அறிக்கைகள் எம்மொழியில் எழுதப்படுகின்றன? நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலம். மக்களுக்கு ஒரு சுருக்கம் தமிழில், அதுவும் பன்முறை படித்தாலும் விளங்காத தமிழ்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சிட்லப்பாக்கம் ஏரி ஒருகாலத்தில் எண்பது ஏக்கருக்கு மேற்பட்டது. குறுகி ஏறத்தாழ 47 ஏக்கராயிற்று. 2019 வறட்சியில் ஊர்மக்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினர். அதன்பின்பே 25 கோடி உருபா ஒதுக்கி அரசு திருத்தப் பணியை மேற்கொண்டது. செம்பாக்கம் ஏரியும் சீர்செய்யப்பட்டது. ஆயினும் கரையைக் கல்பாவி நடைபாதை போடுவதோடு ஏரி பிழைத்துவிடாது. புதைசாக்கடை எட்டாத தெருக்களின் கழிவு மழைநீர்க் காலில் விழுமாயின், எவ்வளவு அழகிய ஏரியும் கழிவுக்குட்டையே. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாயின. ஏரித்தொடர் முன்பு பத்து ஆட்சிகளின் எல்லையால் துண்டுபட்டுக் கிடந்தது. மேலூர் கழிவைக் கீழூர் தலையில் தள்ளிவிட்டுக் கைகழுவலாம். இன்று மேலேரிகள் பலவும் ஒரே மாநகராட்சியின் பொறுப்பு. சாக்குச் சொல்ல இடமில்லை.

2025-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டலக் கிளை, இராம்சர் எல்லைக்குள்ளும் அதனை அடுத்த ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆய்வு முடியும்வரை கட்டட இசைவு தரலாகாதென ஆணையிட்டது. ஆணை தாளில் உள்ளது; எல்லை நிலத்தில் வேண்டும். ஏரிகளைக் காக்க 2007-இல் இயற்றிய தமிழ்நாட்டுச் சட்டமும் நீர்நிலையை அளந்து எல்லை குறிக்கவே சொல்கின்றது. ஒவ்வோர் ஏரியின் புல எண்ணும், பரப்பும், வரத்துக்கால் போக்குகால் செல்லும் வழியும் தமிழில் எழுதிய பலகை ஒன்று அதன் கரையில் நடப்பட்டால், மனை வாங்க வருபவன் படிப்பான். விற்க வருபவன் அஞ்சுவான்.

வடகிழக்குப் பருவமழை அக்குதோபரில் தொடங்குகின்றது. அதற்கு முன் அன்பர்கள் தத்தம் பகுதி ஏரியின் நில அளவைப் படத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக்கேட்டுப் பெறுக. படத்தில் கால் ஓடும் இடத்தில் நடந்துபோய்ப் பார்த்து, கால் நின்றுபோகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வட்டக் கூட்டம் நடைபெறும் நாளில் அதனைத் தமிழில் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுக. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அடுத்த கூட்டங்களை வைத்து, அங்குள்ளோர் முதலில் பேசட்டும்.