உறுப்பு தானமும் உள்ளத்தின் தயக்கங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

 

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலை எப்படியிருக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். வெளியூர் வாகனங்கள் நெருக்கியடித்துச் செல்ல, நம் பிள்ளைகள் தலைக்கவசமின்றி அவற்றினூடே விரைகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய ஓர் ஆடி மாத இரவில், வெளியூர் மருத்துவமனையொன்றிலிருந்து நமக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர் மூளைச்சாவு அடைந்துவிட்டதாக மருத்துவர்கள் கூறியிருந்தனர். "உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கிறார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது ஹஜ்ரத்?" என்று அவருடைய தகப்பனார் அழுகையினூடே கேட்டார். ஆண்டுக்கணக்கில் மதரஸாவில் ஓதியும் நம்மால் தெளிவான விடை கூற இயலவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம்" என்றோம். விசாரித்து முடிப்பதற்குள் அந்த இளைஞரின் இதயத் துடிப்பும் நின்றுவிட்டது. அவர்கள் கொடுத்திருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. எந்த முடிவுக்கும் வர வழியின்றி அக்குடும்பம் தவித்ததில் நமக்கும் பங்குண்டு என்பதே நம் வருத்தம்.

பெருமக்களே! உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. எனினும் தமிழக மக்கள் இதைப் பற்றி வீடுதோறும் பேசத் தொடங்கியது 2008 செப்டம்பரில்தான். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை வழங்கினர். அவருடைய இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. சட்டத்தால் திறவாத உள்ளங்கள் ஒரு தாய் தந்தையின் செயலால் திறந்தன. உறுப்புகளை ஈந்து மறைந்தோரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என 2023இல் தமிழக அரசும் அறிவித்தது.

அவ்வாறாயின் இன்னும் தயங்குவது ஏன்? உள்ளத்தில் சில தடைகள் உள்ளன.

முதலாவது, மரணத்தைப் பேசுவதே ஆகாது என்னும் எண்ணம். மவ்த்தை அடிக்கடி நினைவுகூரவும், நலமாயிருக்கும்போதே வஸிய்யத் எழுதி வைக்கவும் பணிக்கப்பட்ட சமுதாயத்திற்கு இவ்வெண்ணம் பொருந்தாது.

இரண்டாவது, கண் காண்பதை மனம் விடாமை. உடல் சூடாயிருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. இவர் இறந்தவர் என்று பெற்ற மனம் எப்படி ஏற்கும்? ஆழ்ந்த மயக்கத்திலிருந்து மீள்வோர் உண்டு. மூளைத்தண்டு செயலிழந்தவரோ தாமாக மூச்சு விட இயலாதவர்; கருவியே மூச்சைத் தருகிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாவது, உறுப்பை விற்றுவிடுவார்களோ என்னும் ஐயம். கடந்த கால முறைகேடுகளால் விளைந்த இந்த ஐயத்தை நாம் பழிக்க மாட்டோம். எனினும் உறுப்பு விற்பனை தண்டனைக்குரிய குற்றமாகும். மாநில அரசின் உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியலின்படியே உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கிறது.

நான்காவது, மய்யித் சிதைந்துவிடுமோ என்னும் அச்சம். அறுவைக்குப் பின் உடலைத் தைத்தே ஒப்படைக்கின்றனர். குளிப்பாட்டவும் கஃபனிடவும் ஜனாஸாத் தொழவும் தடையேதுமில்லை.

ஐந்தாவதாகிய மார்க்கத் தயக்கமே பெரிது. இங்கே நாம் ஃபத்வா வழங்க வரவில்லை. 1982இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழுவும், 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் நிபந்தனைகளுடன் அனுமதித்தன. நம் நாட்டு முஃப்திகள் பலர், உடல் இறைவனின் அமானிதம், மய்யித்தின் கண்ணியம் காக்கப்பட வேண்டும் என்று கூறி அனுமதிக்கவில்லை. மூளைச்சாவை மரணமாகக் கொள்வதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இரு தரப்பாரும் மறுமைக்கு அஞ்சியே பேசுகின்றனர். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உறுப்பைப் பெறுவது கூடுமா என்று கேட்டு இதுவரை எவரும் நம்மிடம் வந்ததில்லை. கொடுக்கும் வேளையில்தான் மார்க்கம் நினைவுக்கு வருகிறது!

எனவே நம் வேண்டுகோள் இதுவே. நாம் உறுதிமொழி அட்டை வைத்திருந்தாலும், இறுதியில் சம்மதம் கேட்கப்படுவது குடும்பத்தாரிடமே. ஆகவே ஆம் என்றாலும் இல்லை என்றாலும், மனைவி மக்களிடம் நலமாயிருக்கும்போதே கூறிவிடுங்கள். ஐயமிருப்பின் தாங்கள் நம்பும் ஆலிமிடம் இன்றே கேளுங்கள். உலமாக்களையும் மருத்துவர்களையும் ஒரே மேடையில் அமர்த்தி விளக்கம் பெற நிர்வாகக் குழுவினர் ஆவன செய்ய வேண்டும். பிள்ளைகள் தலைக்கவசமின்றி வாகனம் எடுப்பதைப் பெற்றோர் தடுக்க வேண்டும்.

இன்னொரு தகப்பனார் நள்ளிரவில் அழைத்தால், "விசாரித்துச் சொல்கிறோம்" என்னும் சொல் நம் நாவில் வராதிருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.