பட்டறைக்குள் ஒரு வெப்பமானி



அன்றாட உணரிகளோடு செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து, அளவுகளுக்குள் மறைந்திருக்கும் ஒழுங்கைக் காண்பது பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு இது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளையும் அவற்றில் பதிந்த கடல் உயிரினங்களையும் ஒப்பிட்டு, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவரே 1875-இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயத்தில் பனி மிகுந்தால் பருவமழை குறையக்கூடும் என்ற தொடர்பை 1884-இல் எடுத்துரைத்தார். அவர் காலத்துக் கருவிகள் வெப்பமானி, காற்றழுத்தமானி, மழைமானி போன்ற எளியவைதாம். பல ஊர்களின் அளவுகளை விடாமல் குறித்து, அருகருகே வைத்துப் பார்த்ததால்தான் அந்தத் தொடர்பு புலப்பட்டது.

இன்று அந்த ஒப்பீட்டைக் கணினி செய்கிறது. அது எங்கே உதவும்? சின்ன வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் நம் பட்டறைக்குள் பாருங்கள். விலை ஏறட்டும் என்று உழவர் பட்டறை போட்டுக் காத்திருக்கிறார். நடுவில் அழுகல் தொடங்கினால் வெளியே தெரிவதில்லை. வாடை வீசும்போது பாதி போயிருக்கும். உள்ளே வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் ஒரு சிறு உணரியை வைக்கலாம். தனி அளவு ஒன்றும் சொல்லாது. ஊரெல்லாம் குளிரும் இரவில் பட்டறையின் வயிறு மட்டும் தணியாமல், ஈரமும் கூடிக்கொண்டே போனால், அந்தச் சேர்க்கையில் செய்தி இருக்கலாம்.

ஆனால் கணினிக்கு அழுகல் என்னவென்று தெரியாது. எந்த நாளில் பட்டறையைப் பிரித்தோம், எந்தப் பக்கம் கெட்டிருந்தது என்று உழவர் எழுதிவைத்த குறிப்புதான் அதற்குப் பாடம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஆயிரம் அளவுகளும் ஊமை. பட்டறையைப் பிரிக்க ஆள்கூலி ஆகும். அதனால் கணினியிடமிருந்து இருமுறை பொய் எச்சரிக்கை வந்தால் மூன்றாம் முறை யாரும் நம்பமாட்டார்கள்.

பட்டறைக்கு மட்டுமல்ல, வயலுக்கும் இது பொருந்தும். 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றது. அதே ஆண்டில் ஆப்பிரிக்க உழவர்களுக்காக ‘நூரு’ என்ற செயலி வந்தது. இணையம் இல்லாத வயலிலும் கைபேசிக் கேமராவைக் கொண்டே புழுவின் சேதத்தை அடையாளம் காண அது உதவியது. நம் கரிசல் காட்டின் வெயிலையும் நம் குருத்தையும் காட்டும் படங்களைக் கொண்டு கற்பித்தால்தான் அப்படி ஒரு கருவி இங்கே முழுதாகப் பயன்படும்.

ஒழுங்கைக் கண்டால் மட்டும் போதாது. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த மழையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆறு ஏறியதைப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கண்டது ஓடும் ரயிலை எட்டவில்லை. இன்று ஒரு நீர்மட்ட உணரி அதைச் சில நொடிகளில் அனுப்பிவிடும். அனுப்பியதைப் பெற்று வண்டியை நிறுத்தும் ஏற்பாடும் உடன் இருந்தால்தான் அது உயிரைக் காக்கும்.

ஆகவே இந்த அரங்கில் வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த அளவுக்குப் பொருள் சொன்ன கை யாருடையது? கிடைத்த விடை, நேரம் தவறாமல் அந்தக் கைக்குத் திரும்பியதா? இரண்டுக்கும் பதில் சொல்லும் ஆய்வே இந்த மண்ணுக்கு உரியது. அத்தகைய ஆய்வுகளை எதிர்நோக்கி இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.